ஒட்டி மீன் எங்கே போனது? சாதாளை அழியும் பரவைக்கடலில் மீனுக்கு நேர்வது

பிள்ளை பெற்ற பெண்ணுக்குச் சரக்குக் கறி ஆக்குவதென்றால் எங்கள் வீட்டில் முதலில் தேடுவது ஒட்டி மீனைத்தான். போன வருடம் என் தங்கையின் மகளுக்குக் குழந்தை பிறந்தபோது மூன்று நாள் விடியற்காலையில் துறைக்குப் போய் நின்றேன். சூடை இருந்தது, காரல் இருந்தது, நண்டும் கொஞ்சம் இருந்தது. ஒட்டி இல்லை. நாலாம் நாள் ஒருவர் தனக்கென்று எடுத்து வைத்திருந்த அரைக் கிலோவைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தேன். அதில் ஒன்றுகூட என் உள்ளங்கையை விடப் பெரிதாக இருக்கவில்லை.

துறையில் நின்ற பெரியப்பாவிடம் காரணம் கேட்டேன். எழுபது வயதைத் தாண்டியவர். இடப்பெயர்வுக் காலம் போக மிச்சமெல்லாம் பரவைக்கடலில் தொழில் செய்தவர். "புல்லுப் போயிட்டுது தம்பி. பிறகு ஒட்டி எங்க வந்து தங்கிறது?" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு வசனத்தை விளங்கிக்கொள்வதற்காக நான் படித்தவற்றையும், கரையில் கேட்டவற்றையும், கண்ணால் பார்த்தவற்றையும்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் சொன்ன புல்லை எங்கள் தீவுப்பகுதியில் சாதாளை என்போம். சோளகம் பெயர்ந்தால் கரை முழுக்கக் கறுத்த நாடாக்களாக ஒதுங்கிக் கிடக்கும். மழையில் உப்புக் கழுவப்படும்வரை விட்டுவிட்டு, பிறகு மாட்டுவண்டியில் ஏற்றிப்போய்த் தென்னைக்கும் புகையிலைக்கும் பசளையாகத் தாழ்ப்பார்கள். எங்களுக்கு அது தோட்டத்துக்கான சாமான். கடலுக்குள் இருக்கும்போது அது ஒரு தொல்லை. வலையில் சிக்கும், கால் வைத்தால் வழுக்கும், எஞ்சின் விசிறியில் சுற்றும். 1995 இடப்பெயர்வில் கிளாலியில் இரவு படகேறியபோது நடுவில் எஞ்சின் நின்றுவிட்டது. படகோட்டி குனிந்து விசிறியிலிருந்து சாதாளையைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களை அந்தப் படகில் இருந்தவர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கடற்படை எந்தப் பக்கத்தால் வரும் என்றுதான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அந்தப் புல்லை நானும் திட்டினேன்.

பாசி அல்ல, பூக்கும் செடி

கடற்புல்லைப் பலர் பாசி என்று நினைக்கிறார்கள். பாசிக்கு வேர் இல்லை, பூ இல்லை. கடற்புல்லுக்கு இரண்டும் உண்டு. மணலுக்கு அடியில் இஞ்சி போல ஓடும் வேர்த்தண்டுக் கிழங்கு, அதிலிருந்து வேர், மேலே இலை, பருவத்தில் பூ, காய், விதை. தரையில் வாழ்ந்த செடிகளின் ஒரு பிரிவு ஏழு முதல் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர் திரும்பக் கடலுக்குள் போய் வாழப் பழகிக்கொண்டது. அதன் வழிவந்தவைதான் இவை. உலகம் முழுவதிலும் எழுபது இனங்கள்வரைதான் இருக்கின்றன. அவற்றில் ஒரு டசினுக்கு மேற்பட்டவை இலங்கைக் கடலில் உண்டு. பாக்கு நீரிணை, மன்னார் வளைகுடா, யாழ்ப்பாணப் பரவைக்கடல், புத்தளம் களப்பு ஆகியவைதான் இவற்றின் முக்கியமான இடங்கள். அதாவது நாட்டின் கடற்புல்லில் பெரும்பங்கு தமிழ் பேசும் மக்கள் தொழில் செய்யும் கடலில் இருக்கிறது.

எல்லாப் புல்லும் ஒன்றல்ல. ஒரு மீற்றருக்கு மேல் நீளமாக, நாடா போல வளரும் எனலஸ் என்ற இனம் உண்டு. எங்கள் கரையில் ஒதுங்கும் பெரிய சாதாளை இதுதான். விரல் நகம் அளவு முட்டை வடிவ இலை கொண்ட ஹலோபிலா உண்டு. நூல் போன்ற இலையுள்ளவையும் உண்டு. இந்த வேறுபாடு முக்கியமானது. சின்ன ஹலோபிலா அழிந்தாலும் நிலைமை நல்லதாக இருந்தால் மாதக்கணக்கில் திரும்ப முளைத்துவிடும். எனலஸின் கிழங்கு வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர்தான் நகரும். ஒரு நாள் இரவில் ஒரு மடி கிளறிவிட்டுப் போன இடம் பழைய நிலைக்கு வரப் பல வருடங்கள் வேண்டும். பனை வடலியையும் கீரைப்பாத்தியையும் ஒரே கணக்கில் பார்க்க முடியாது என்பது போலத்தான் இதுவும்.

புல்லுக்கு அடிப்படையாக வேண்டியது வெளிச்சம். கடல் மேற்பரப்பில் விழும் வெயிலில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அடிக்குக் கிடைத்தால்தான் அது உயிர்வாழும். பாசிக்கு இதைவிடக் குறைவே போதும். பாக்கு நீரிணையின் பெரும்பகுதி பன்னிரண்டு மீற்றருக்குள் அடங்கும் ஆழம். யாழ்ப்பாணப் பரவைக்கடலில் பல இடங்களில் நடந்தே போகலாம். ஆகையால் வெளிச்சத்துக்குக் குறைவில்லாத கடல் எங்களுடையது. நீர் தெளிவாக இருக்கும்வரை.

மீனுக்கு அங்கே என்ன கிடைக்கிறது

வெறும் மணல் தரையில் ஒரு மீன்குஞ்சை வைத்துப் பாருங்கள். ஒளிய இடமில்லை, சாப்பாடு குறைவு, மேலே சீலாவும் பாரையும் திரிகின்றன. அதே குஞ்சைப் புல்லுக்குள் விட்டால் நிலைமை தலைகீழ். இலைகள் மறைப்பாகின்றன. ஒவ்வொரு இலையின் மேலும் மெல்லிய பாசிப்படை வளர்கிறது. அதை மேய நுண்ணிய இறால் வகைகளும் புழுக்களும் சிறு நத்தைகளும் வருகின்றன. அவற்றைத் தின்னக் குஞ்சுகள் வருகின்றன. புல்லை நேரடியாகத் தின்னும் மீன்கள் சில மட்டுமே. பெரும்பாலானவை புல்லின் மேல் வளர்வதைத் தின்கின்றன. அல்லது புல் உதிர்ந்து மக்கியதைத் தின்பவற்றைத் தின்கின்றன.

ஒட்டியும் ஓராவும் ஒரே குடும்பம். முள்ளில் விஷம் உள்ள, இலை மேயும் மீன்கள். இவை கடலில் பொரித்துச் சில வாரங்கள் மிதந்து திரிந்துவிட்டுக் கூட்டம் கூட்டமாகப் புற்தரைக்கு வருகின்றன. விளை மீன் இன்னொரு வகை. பெரிய விளையைப் பாருக்குப் பக்கத்தில்தான் பிடிப்போம். ஆனால் அதன் குஞ்சு ஒரு விரல் அளவில் புல்லுக்குள் நுழைந்து, கையளவு வளர்ந்த பிறகே ஆழத்துக்குப் போகிறது. புல் இல்லாத இடத்துப் பாரில் விளை குறைவதற்கு இதுதான் காரணம். பாரில் ஒரு பிழையும் இருக்காது. அங்கே வந்து சேரவேண்டிய பிள்ளைகள் வழியில் வளரவில்லை, அவ்வளவுதான்.

நீலக்கால் நண்டின் கதையும் இதேபோன்றது. மிதக்கும் பருவம் முடிந்து அடியில் தங்கும் சின்ன நண்டு ஆழமில்லாத புற்தரையில்தான் ஓடு கழற்றிக் கழற்றி வளர்கிறது. ஓடு கழன்று மெதுவாக இருக்கும் நேரத்தில் ஒளிய இடம் வேண்டும். வடக்கின் கரையோரத்தில் கணவரைப் போரில் இழந்த எத்தனையோ பெண்கள் நண்டுச் சதை எடுக்கும் வேலையில்தான் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார்கள். அவர்களுக்கும் கடலடிப் புல்லுக்கும் இருக்கும் தொடர்பை எந்த வாழ்வாதாரத் திட்ட அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை.

இறாலை எடுத்தால் கதை இன்னும் கசப்பானது. பாக்கு நீரிணையில் இழுவைப்படகுகள் முதன்மையாகத் தேடி வருவது பச்சைப் புலி இறாலை. உடலில் வரிவரியாக இருக்கும் இந்த இறாலின் குஞ்சுப் பருவம் கழிவது கடற்புல்லில்தான். இறாலுக்காக மடி இழுக்கிறவன் அந்த இறாலின் தொட்டிலைத்தான் கிழித்துக்கொண்டு போகிறான்.

எண்ணிக்கையில் சொன்னால் நம்புகிறவர்களுக்கு ஒரு கணக்கு: அவுஸ்திரேலியாவில் 2020 இல் வெளியான ஆய்வொன்று, ஒரு ஹெக்டயர் கடற்புல் வெறுந்தரையோடு ஒப்பிடுகையில் வருடத்துக்கு ஏறத்தாழ 55,000 மீன்களைக் கூடுதலாகத் தருகிறது என்று மதிப்பிட்டது. அதே ஆய்வில் கண்டல் காட்டுக்குக் கிடைத்த எண்ணிக்கை இதில் பாதிகூட இல்லை. அந்த எண் எங்கள் கடலுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கண்டல் நட எத்தனை பேர் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள், புல்லுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். உலகின் மிகப்பெரிய 25 மீன்பிடிகளில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கடற்புல் ஆதாரமாக இருக்கிறது என்று 2018 இல் வெளியான இன்னொரு ஆய்வு சொல்கிறது.

புல் எப்படிப் போகிறது

முதல் காரணத்தை எல்லோரும் அறிவார்கள். அடியைத் தொட்டு இழுக்கும் மடி. சங்கிலியும் பலகையும் தரையை உழுதுகொண்டு போகும்போது இலை மட்டும் அறுவதில்லை, கிழங்கும் கிளம்புகிறது. அதோடு நிற்பதுமில்லை. கிளம்பிய சேறு நீரில் கலந்து, மடி படாத பக்கத்துப் புல்லுக்கும் வெளிச்சத்தை மறைக்கிறது. வேர் பிடித்து வைத்திருந்த மணல் இப்போது அவிழ்ந்துவிட்டது. சின்னக் காற்றுக்கும் கலங்குகிறது. கலங்கினால் வெளிச்சம் இல்லை, வெளிச்சம் இல்லாவிட்டால் புதுப்புல் முளைக்காது. புல் இல்லாததால் திரும்பக் கலங்குகிறது. இந்தச் சுழலுக்குள் ஒரு இடம் விழுந்துவிட்டால் மடியை நிறுத்தினாலும் உடனே மீளாது. "இழுவையை நிறுத்தியாச்சே, இன்னும் ஏன் மீன் வரவில்லை" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

1974, 1976 உடன்படிக்கைகளால் கடலில் கோடு போடப்பட்டது. ஆனால் போர்க்காலம் முழுவதும் பாதுகாப்பு வலயம், கடற்றடை, பாஸ் என்று எங்கள் வள்ளங்கள் கரையில் கிடக்க, எங்கள் பக்கத்துக் கடலில் தமிழ்நாட்டு இழுவைப்படகுகள் தங்குதடையின்றித் தொழில் செய்தன. மீன்பிடித் துறைமுகத்தோடு 1990 இல் மக்கள் வெளியேற்றப்பட்ட மயிலிட்டியின் துறை 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தது. தங்கள் கடல் என்ன ஆனது என்பதை அந்த மக்கள் 27 வருடங்களாகப் பார்க்கவே முடியவில்லை. போர் முடிந்து வலை வாங்கிக்கொண்டு இறங்கியவர்கள் எதிர்கொண்டது ஏற்கனவே உழப்பட்டுவிட்ட கடலை. இப்போதும் திங்கள், புதன், சனி இரவுகளில் எங்கள் ஆட்கள் வலை போடத் தயங்குகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழ்நாட்டில் இழுவைக்குத் தடை உள்ள 61 நாட்கள்தான் எங்களுக்கு நிம்மதியான காலம். அந்த இரண்டு மாதம் புல்லுக்கும் கொஞ்சம் மூச்சு விடக் கிடைக்கிறது என்று நினைக்கலாம். ஆனால் எனலஸுக்கு இரண்டு மாதம் என்பது ஒன்றுமேயில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். வடக்கின் சில துறைகளிலிருந்து எங்கள் ஆட்களே இழுவைமடி இழுத்தார்கள், இப்போதும் இழுக்கிறார்கள். அப்போதைய நாடாளுமன்ற உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் பிரேரணையை அடுத்து 2017 இல் கடற்றொழில் சட்டம் திருத்தப்பட்டு இழுவைமடித் தொழில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. சட்டம் வந்த பிறகும் கடன்பட்டு வாங்கிய படகை என்ன செய்வது என்ற கேள்வி அந்தக் குடும்பங்களுக்கு இருந்தது. அது நியாயமான கேள்வி. ஆனால் மற்றவன் இழுத்தால் சேறு கிளம்பும், நான் இழுத்தால் கிளம்பாது என்று கடலிடம் வாதாட முடியாது.

மற்றக் காரணங்கள் சத்தமில்லாதவை. தீவுகளை இணைத்த தாம்போதிகளால் எங்களுக்குப் பெரும் வசதி. பண்ணைத் தாம்போதியும் புங்குடுதீவுக்கான வாணர் தாம்போதியும் இல்லாமல் தீவு வாழ்க்கையை நினைக்கவும் முடியாது. ஆனால் விரிந்து பாய்ந்த நீர் சில மதகுகளுக்குள் ஒடுங்கியதில் பரவைக்கடலின் ஓட்டம் மாறியது. ஓட்டம் தளர்ந்த இடத்தில் சேறு படிகிறது, கோடையில் நீர் கொதிக்கிறது. குழாய் வழிக் கழிவகற்றல் இல்லாத நகரத்தின் அழுக்கு நீர் வாய்க்கால்கள் வழியே வந்து சேரும் பக்கத்தில் பசளை கூடிப்போய், புல்லின் இலைமேல் பாசி தடித்து வளர்ந்து வெளிச்சத்தை மறைக்கிறது. கொஞ்சப் பாசி மீனுக்குச் சாப்பாடு. கூடினால் அதுவே புல்லுக்குச் சவப்போர்வை. புத்தளம் பக்கத்தில் 1980களிலிருந்து பெருகிய இறால் பண்ணைகளின் கழிவு நீர் களப்புக்குச் செய்தது நாடறிந்த கதை. 2005 இல் தொடங்கி இடையில் நின்றுபோன சேதுசமுத்திரத் திட்டம் முழுமையாக நடந்திருந்தால், தோண்டிய சேறு எங்கே போயிருக்கும் என்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஏன் உடனே தெரிவதில்லை

பெரியப்பாவுக்குத் தெரிந்த ஒன்று கணக்கேடுகளில் ஏன் தெரிவதில்லை என்று நான் கொஞ்சநாள் யோசித்தேன். முதலாவது, புல் போன வருடமே மீன் குறைவதில்லை. ஏற்கனவே வளர்ந்த மீன்கள் இருக்கின்றன. அவை பிடிபட்டு முடியும்போதுதான் பின்னால் வருவதற்கு ஆளில்லை என்று தெரிகிறது. இரண்டாவது, மீன் குறையக் குறைய நாங்கள் வலையைக் கூட்டுகிறோம், கண்ணைச் சின்னதாக்குகிறோம், தூரம் போகிறோம். கரைக்கு வரும் மொத்த எடை அவ்வளவாகக் குறையாது. ஒரு கிலோவுக்குச் செலவான உழைப்பும் எண்ணெயும் மட்டும் கூடியிருக்கும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏற்றப்பட்டபோது எங்கள் துறையில் பாதிப் படகுகள் நின்றுபோயின. முப்பது வருடத்துக்கு முன்னர் அதே குடும்பங்கள் தாங்குகோலால் வள்ளம் ஊன்றிப்போய்ச் சிறகுவலையிலும் களங்கட்டியிலும் சோற்றுக்கான மீனைப் பிடித்தவை. கரைக்கடலில் மீன் இருந்த காலத்தில் எண்ணெய் விலை எங்களை இந்த அளவுக்குத் தொட்டிருக்காது.

மூன்றாவது, வகை மாறுகிறது. ஒட்டி, ஓரா, விளை, புற்கிளிமீன் ஆகியவை குறைந்த இடத்தைச் சேற்றுத் தரையை விரும்பும் காரலும் நீரில் மிதப்பதைத் தின்னும் சின்ன மீன்களும் பிடிக்கின்றன. பெட்டி நிறைகிறது, காசு நிறையவில்லை. மொத்தத் தொன் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடாது. துறையில் கூறு போட்டு விற்கிற அக்காமாருக்கு நன்றாகப் பிடிபடும்.

நாலாவது காரணம் எங்களுக்கே உரியது. மற்றைய கடற்கரைகளில் தகப்பன் மகனுக்குக் கடலைக் காட்டிக்கொடுப்பான். இங்கே 1990க்கும் 2010க்கும் இடையில் பிறந்து வளர்ந்த பலர் வன்னியிலும் முகாமிலும் வளர்ந்தவர்கள். மீள்குடியேறியபோது பார்த்த கடல்தான் அவர்களுக்கு முதல் கடல். எது குறைந்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? என் மகனுக்கு ஒட்டி என்பது உள்ளங்கை அளவு மீன். அவனைப் பொறுத்தவரை அது எப்போதும் அப்படித்தான்.

கடலட்டைப் பண்ணை

இதை எழுதாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. அண்மைய வருடங்களில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் கரைகளில் கடலட்டைப் பண்ணைகள் பெருகின. கௌதாரிமுனையிலும் பின்னர் கிராஞ்சியிலும் மக்கள் எதிர்த்துப் போராடியது செய்திகளில் வந்தது. பண்ணைக்கு ஆதரவாகப் பேசுவோர், அட்டை கடலடியைச் சுத்தம் செய்யும் உயிர், அதனால் புல்லுக்கு நல்லது என்கிறார்கள். அதில் பாதி உண்மை. வெள்ளை அட்டை மண்ணைத் தின்று புரட்டுவது புல்லுக்கு உதவுகிறது. அட்டையின் குஞ்சுகள் மிதக்கும் பருவம் முடிந்து முதலில் ஒட்டிக்கொள்வதே கடற்புல் இலையில்தான். ஆகவே அட்டைக்கும் புல்லுக்கும் உள்ள உறவு பழைய உறவு.

மற்றப் பாதி வேலியில் இருக்கிறது. அட்டை நன்றாக வளரும் இடம் ஆழம் குறைந்த புற்தரை. அங்கேதான் தடி நட்டு வலை கட்டுகிறார்கள். அதே இடம்தான் ஒட்டிக் கூட்டம் உள்ளே வரும் வழி, நண்டு ஏறும் வழி, சிறகுவலைக்காரரின் பாடு. ஒன்றிரண்டு பண்ணைகளால் கடல் மூழ்கிப்போகாது. வரிசையாகக் கட்டினால் வலையில் பாசி பிடித்து நீரோட்டம் தடைப்படும், நடமாட்டத்தில் புல் மிதிபடும், மீனின் வழி அடைபடும். யாருக்கு அனுமதி என்பதைப் போலவே எந்த இடத்தில், எத்தனை என்பதையும் அந்தந்தக் கரைச் சங்கங்களிடம் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும். பண்ணை வைத்திருப்பவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை எதிரியாக்கி இந்தப் பேச்சை நடத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

வேறு கடல்களில் நடந்தது

1930களின் தொடக்கத்தில் வட அத்திலாந்திக் கரைகளில் ஈல் புல் எனப்படும் கடற்புல்லை ஒரு நோய் தாக்கியது. சில வருடங்களுக்குள் ஏறத்தாழ 90 வீதம் அழிந்தது. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தின் கரையோரக் குடாக்களில் புல்லில் ஒட்டி வளர்ந்த ஒரு வகைச் சிப்பியை நம்பி ஒரு தொழிலே இருந்தது. 1933 இல் புயலும் சேர்ந்து மிச்சப் புல்லையும் பிடுங்கியது. அந்தச் சிப்பித் தொழில் அத்தோடு முடிந்தது. ஈல் புல்லின் இலையில் மட்டுமே வாழ்ந்த ஒரு சின்ன நத்தை இனம் உலகத்திலிருந்தே மறைந்துபோனது.

ஆனால் அதே வேர்ஜீனியாவில்தான் இன்னொன்றும் நடந்தது. 1990களின் இறுதியில் ஆய்வாளர்கள் ஒரு குடாவில் சிறு புற்திட்டொன்று தானாக முளைத்திருப்பதைக் கண்டு, விதை சேர்த்துத் தூவத் தொடங்கினார்கள். இருபது வருடத்தில் 7 கோடிக்கு மேற்பட்ட விதைகள். தூவியது ஏறத்தாழ 200 ஹெக்டயரில், புல் தானாகப் பரவியது 3,600 ஹெக்டயருக்கு. மீன் திரும்பியது, சிப்பியையும் திரும்ப விட்டார்கள். அங்கே இது நடந்ததற்குக் காரணம் அந்தக் குடாக்களில் நீர் தெளிவாக இருந்ததும், அடியை உழுவார் இல்லாததும். எங்கள் எதிர்க்கரையில் தமிழ்நாட்டிலும் கயிற்றிலும் சட்டங்களிலும் புல்லைக் கட்டி நட்டு வளர்த்திருக்கிறார்கள். நடுகிற வேலை முடியாத வேலை அல்ல. நட்ட மறுவாரம் மடி போகாது என்ற உறுதிதான் இல்லாதது.

அவுஸ்திரேலியாவின் ஹேர்வி குடாவில் 1992 இல் வெள்ளமும் சூறாவளியும் அடுத்தடுத்து வந்து நீரைக் கலக்கியதில் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீற்றர் புல் செத்தது. புல்லை மட்டுமே தின்று வாழும் ஆவுளியாக்கள் பட்டினியில் இடம்பெயர்ந்தன. சில 900 கிலோமீற்றர் தள்ளிச் செத்து ஒதுங்கின. அதைப் படித்தபோது எனக்கு ஆவுளியா மட்டும் நினைவுக்கு வரவில்லை.

ஆவுளியா எங்கள் கடலிலும் இருந்தது. பெரியப்பா கூட்டமாகக் கண்டிருக்கிறார், இறைச்சியும் சாப்பிட்டிருக்கிறார், அதைச் சொல்ல அவர் வெட்கப்படுவதில்லை. நாளுக்கு 30 கிலோவுக்கு மேல் புல் மேயும், மூன்று முதல் ஏழு வருடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டி போடும் விலங்கு அது. இன்று மன்னார்ப் பக்கத்தில் வலையில் மாட்டிச் செத்தது என்ற செய்தியில்தான் அதைக் காண்கிறோம். எதிர்க்கரையில் தமிழ்நாடு அரசு 2022 இல் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடலில் மேயும் விலங்குக்குக் கோடு தெரியாது.

பாதுகாப்பு என்ற சொல்

மார்ச் 1 உலகக் கடற்புல் தினம். 2022 மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் அந்தப் பிரேரணையைக் கொண்டுவந்தது இலங்கை அரசு. எங்கள் துறையில் நான் கேட்ட எவருக்கும் அப்படி ஒரு தினம் இருப்பது தெரியாது.

தெரிந்தால் சந்தோஷப்படுவார்களா என்பதும் சந்தேகம். "பாதுகாப்பு வலயம்" என்ற சொல்லுக்கு எங்கள் மக்களிடம் இருக்கும் அர்த்தம் வேறு. 2015 இல் சுண்டிக்குளம், நெடுந்தீவு, மடு வீதி, ஆதாம் பாலம் ஆகியவை தேசியப் பூங்காக்களாக வர்த்தமானியில் வந்தபோது, திரும்பக் குடியேறிக்கொண்டிருந்தவர்கள் இதை இன்னொரு காணிப்பிடிப்பாகத்தான் பார்த்தார்கள். முன்னர் பச்சைச் சீருடையோடு வந்தவர்கள் போட்ட வேலியும் பிறகு காக்கிச் சீருடையோடு வந்தவர்கள் நட்ட எல்லைக்கல்லும் அவர்களுக்கு ஒன்றுதான். கடற்புல்லையும் அதே வழியில் காப்பாற்றப் போனால் கரையில் ஒருவரும் கூட நிற்க மாட்டார்கள்.

மாற்று வழி உண்டு, அதுவும் புதியதல்ல. களங்கட்டிக்கும் சிறகுவலைக்கும் யார் எந்த இடத்தில், எந்தக் காலத்தில் என்று ஊர்ச் சங்கங்கள் பாடு பிரித்து நடத்திய வழக்கம் போருக்கு முன்னர் வலுவாக இருந்தது. குஞ்சு கூடும் புற்தரையை அடையாளம் கண்டு, அந்தப் பருவத்தில் அங்கே இறங்குவதில்லை என்று சங்கமே தீர்மானிப்பதும், படகுப் பாதையைப் புல்லைத் தவிர்த்துக் கம்பு நட்டு ஒதுக்குவதும் திணைக்களத்தின் வர்த்தமானிக்காகக் காத்திருக்க வேண்டிய வேலைகள் அல்ல. மடியை நிறுத்துவது மட்டும் சங்கத்தால் முடியாது. அதற்குக் கொழும்பும் சென்னையும் டில்லியும் வேண்டும்.

பெரியப்பா எனக்கு ஒரு பழக்கத்தைக் காட்டிக்கொடுத்தார். கரையில் ஒதுங்கும் சாதாளையைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். வெறும் இலையாக இருந்தால் அது தானாக உதிர்ந்தது, பயப்படத் தேவையில்லை, தென்னைக்குப் போடலாம். கிழங்கும் வேருமாக வந்தால் அடியில் யாரோ கிளறியிருக்கிறார்கள், அல்லது புயல் அடித்திருக்கிறது. போன மாசி மாதம், காற்றே இல்லாத ஒரு வியாழக்கிழமைக் காலையில், துறையிலிருந்து கோயில்வரை நடந்து பார்த்தேன். கிழங்கோடு ஒதுங்கியவற்றை எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். சில கிழங்குகள் இன்னும் வெள்ளையாக இருந்தன. முதல் நாள் புதன்கிழமை.